ஒரே விடை... நாலு தடவை!

ஃபைனல் இயர் நண்பர்களே, உங்களுக்கு ஒரு கேள்வி. நீங்க எழுதின புரோகிராம் எரர் காட்டினா பயப்படுவீங்களா, எரரே காட்டாம ஓடினா பயப்படுவீங்களா?

'இதென்ன பாஸ் கேள்வி, எரர் வந்தாதானே பயம்!'னு சொல்றீங்களா? அப்போ 2009-ல நான் எங்கே நின்னுக்கிட்டு இருந்தேனோ, அதே இடத்துலதான் நீங்களும் நிக்கறீங்க. ஒரு அஞ்சு நிமிஷம் ஒதுக்கிப் படிங்க. உங்க வைவாவைக் காப்பாத்தினாலும் காப்பாத்தும்!

கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம்!

ப்ராஜெக்ட் டைட்டில் கெத்தா இருக்கணும்னு நாங்க மூணு பேர் சேர்ந்து 'பேரலல் கம்ப்யூட்டிங்' எடுத்தோம். லேப் மூலையில சும்மா கிடந்த நாலு கம்ப்யூட்டரை ஒரே சுவிட்ச்சில் இணைச்சு, லினக்ஸ் போட்டு, 'பை'யின் மதிப்பைக் கண்டுபிடிக்கிற கணக்கை நாலுக்கும் பிரிச்சுக் கொடுக்கணும். இதுதான் திட்டம்.

வைவாவுக்கு முந்தின ராத்திரி புரோகிராம் ஓடுச்சு. ஸ்கிரீன்ல 3.14159... ஒரு வரி இல்ல, நாலு வரி! 'மச்சி, நாலு மெஷின், நாலு வரி. எல்லாமே வேலை செய்யுதுடா!'ன்னு குதிச்சோம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டீக்கடையில பன் பட்டர் ஜாம் ட்ரீட் வேற.

மறுநாள் எக்ஸ்டர்னல் வந்தார். ஸ்கிரீனைப் பார்த்தார். பொறுமையா ஒரு கேள்வி கேட்டார். "ஏம்ப்பா, நாலு பேரும் வேலையைப் பங்கு போட்டுக்கிட்டாங்கன்னா விடை ஒரு தடவைதானே வரணும்? நாலு தடவை ஏன் வருது?"

மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம்.

"சரி, ஒரே மெஷின்ல ஓட்டிக் காட்டுங்க." காட்டினோம். "இப்போ நாலுலயும் ஓட்டுங்க." ஓட்டினோம். ரெண்டுக்கும் ஆன நேரம் ஒண்ணுதான். மானம் கப்பலேறிடுச்சு!

இத்தனைக்கும் எங்க 'சி' கோடுல ஒரு கமா கூட தப்பில்லை. கம்பைல் பண்ணின கமாண்டுக்கும் ஓட விட்ட கமாண்டுக்கும் நடுவுலதான் தப்பு ஒளிஞ்சிருந்தது. அது என்னன்னு சொல்றதுக்கு முன்னாடி, ஒரு பேப்பர் திருத்தும் கேம்ப்புக்குப் போயிட்டு வந்துடலாம்.

நாலு வாத்தியார், நாலு டேபிள்

உங்க செமஸ்டர் பேப்பர் எல்லாம் ஒரு ஹால்ல குவிஞ்சு கிடக்கு. நாலு வாத்தியார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனி டேபிள். பக்கத்து டேபிள்ல என்ன இருக்குன்னு எட்டிப் பார்க்கக் கூடாது. ஏதாவது சொல்லணும்னா துண்டுச் சீட்டு எழுதித்தான் அனுப்பணும்.

இதுதான் மெசேஜ் பாஸிங். ஒவ்வொரு டேபிளும் ஒரு புராசஸ். ஒவ்வொண்ணுக்கும் சொந்த மெமரி. துண்டுச் சீட்டு அனுப்புற விதிமுறைதான் மெசேஜ் பாஸிங் இன்டர்ஃபேஸ், சுருக்கமா எம்.பி.ஐ.

இதுல ஒரு விசேஷம் இருக்கு. நாலு பேருக்கும் கொடுக்கிற உத்தரவு ஒண்ணேதான். 'உங்க நம்பர் என்ன, மொத்தம் எத்தனை பேர்னு முதல்ல கேட்டுக்கங்க. அதுக்கேத்த கட்டை எடுத்துக்கங்க.' நம்பர் பூஜ்யத்துல ஆரம்பிக்கும். பூஜ்யம் 1, 5, 9-வது கட்டை எடுப்பார். ஒண்ணாம் நம்பர் 2, 6, 10. இப்படியே போகும். கடைசியில எல்லாரும் தங்களோட கூட்டுத்தொகையைப் பூஜ்யத்துக்கு அனுப்புவாங்க. அவர் மொத்தமா கூட்டி, ஒரே ஒரு தடவை விடையைச் சொல்வார். இந்த நம்பருக்கு எம்.பி.ஐ வெச்சிருக்கிற பேர் 'ரேங்க்'. மொத்தம் எத்தனை பேர்ங்கறது 'சைஸ்'. ஞாபகம் வெச்சுக்கங்க, க்ளைமாக்ஸ்ல இந்த ரெண்டு பேரும்தான் ஹீரோ.

இது எங்கே இருந்து வந்துச்சு?

தொண்ணூறுகளின் ஆரம்பத்துல பெரிய கம்ப்யூட்டர் தயாரிச்ச ஒவ்வொரு கம்பெனியும் துண்டுச் சீட்டுக்குத் தனித்தனி விதி வெச்சிருந்தது. ஒரு மெஷினுக்கு எழுதின புரோகிராமை இன்னொண்ணுல ஓட்டணும்னா பாதியைத் திருப்பி எழுதணும். 1992-ல அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்துல வில்லியம்ஸ்பர்க்ல கூடி, 'எல்லாருக்கும் பொதுவா ஒரு விதி போடுவோம்'னு பேச ஆரம்பிச்சாங்க. 1994-ல முதல் எம்.பி.ஐ தரம் வெளியாச்சு.

அதே 1994-ல நாசாவின் கோடார்ட் மையத்துல தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர்னு ரெண்டு பேர் சாதாரண 486 கம்ப்யூட்டர்கள் 16-ஐ ஈதர்நெட்ல இணைச்சு 'பேவுல்ஃப்'னு பேர் வெச்சாங்க. கடையில வாங்குற பெட்டிகளைச் சேர்த்தே பெரிய கணக்கைப் போடலாம்னு ஊருக்குக் காட்டின மெஷின் அது.

நம்ம ஊர்லயும் நடந்துச்சு. சென்னை தரமணியில இருக்கிற கணித அறிவியல் நிறுவனத்துல 2004-ல 144 கம்ப்யூட்டர்களை இணைச்சு 'கப்ரு'ன்னு ஒரு க்ளஸ்டர் கட்டினாங்க. இமயமலையில ஒரு சிகரத்துக்கும் அதே பேர்தான். ஒரு செகண்டுக்கு லட்சம் கோடி கணக்குங்கிற கோட்டைத் தாண்டி, உலகத்தின் டாப் 500 கம்ப்யூட்டர் பட்டியல்லயும் அந்த வருஷம் இடம் பிடிச்சது. அந்தப் பட்டியலுக்கு வைக்கிற லின்பேக் டெஸ்ட் இருக்கே, அதுவும் எம்.பி.ஐ வெச்சு எழுதின புரோகிராம்தான்!

மூணு கதவு, மூணு வாட்ச்மேன்

சரி, மேட்டருக்கு வருவோம். கமாண்டை எல்லாம் போன்ல ஃப்ரெண்டுக்குச் சொல்ற மாதிரி தமிழ்லயே எழுதறேன். டெர்மினல்ல நீங்க இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல அடிச்சுக்கங்க. பெரிய எழுத்து வேணும்னா தனியா சொல்றேன்.

நீங்க எழுதின ஃபைல் 'பை.சி'. அது உயிரோட ஓடணும்னா மூணு கதவைத் தாண்டணும். ஒவ்வொரு கதவுலயும் ஒரு வாட்ச்மேன். மூணு பேரும் மூணு விதமா திட்டுவாங்க. திட்டுற தினுசைக் கவனிச்சாலே எந்தக் கதவுல மாட்டியிருக்கோம்னு தெரிஞ்சுடும்.

முதல் கதவு, கம்பைல். வழக்கம் போல 'ஜிசிசி பை.சி'ன்னு அடிச்சா, 'எம்பிஐ.ஹெச்... அப்படி ஒரு ஃபைலே இல்லை'ங்கற மாதிரி திட்டு வரும். எம்பிஐ.ஹெச்ங்கறது ஹெடர் ஃபைல். கல்யாணச் சாப்பாட்டு மெனு கார்டு மாதிரி. சாம்பார், ரசம், பாயசம்னு பேர் இருக்கும். பாயசம் அதுல இருக்காது! 'எம்.பி.ஐ இனிட்னு ஒரு ஃபங்ஷன் உண்டு, அதுக்கு இன்னின்ன ஆர்கியுமென்ட் கொடுக்கணும்'னு சொல்றதோட அதோட வேலை முடிஞ்சது. அந்த கார்டு எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு கம்பைலருக்குச் சொல்ல மைனஸ் பெரிய ஐ போட்டு, ஒட்டினாப்புல ஃபோல்டர் பேர் எழுதணும்.

ரெண்டாவது கதவு, லிங்க். ஹெடர் கிடைச்சாச்சு. இப்போ 'எம்.பி.ஐ இனிட்... அன்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ்'னு திட்டு வரும். மெனு கார்டைப் பார்த்து நம்பியாச்சு, பந்தியில உக்கார்ந்தா பாயசம் வரலை! ஃபங்ஷனின் உண்மையான உடம்பு இருக்கிற லைப்ரரியை லிங்கரால கண்டுபிடிக்க முடியலைன்னு அர்த்தம். லைப்ரரி இருக்கிற ஃபோல்டரைச் சொல்ல மைனஸ் பெரிய எல். லைப்ரரியின் பேரைச் சொல்ல மைனஸ் சின்ன எல். நிறைய பேர் இந்தத் திட்டைப் பார்த்துட்டு கோடைத் திறந்து திருத்த உக்கார்ந்துடுவாங்க. வேண்டாம்! பெரும்பாலும் தப்பு கோடுல இல்லை, கமாண்டுல.

மூணாவது கதவு, ரன். கம்பைல் ஓகே, லிங்க் ஓகே. ஓட்டினா 'ஷேர்டு லைப்ரரியைத் திறக்க முடியலை'ன்னு ஒரு திட்டு. லிங்க் பண்ணும்போது லைப்ரரி எங்கே இருக்குன்னு சொன்னீங்களே, அந்தத் தகவல் உங்க புரோகிராமுக்குள்ள தானா எழுதப்படாது. ஓடும்போது சிஸ்டம் திரும்பவும் தேடும். வழக்கமான இடத்துல இல்லைன்னா கையை விரிச்சுடும். 'எல்டிடி'ன்னு ஒரு கமாண்ட் இருக்கு. 'எல்டிடி ./பை'ன்னு அடிச்சா, எந்தெந்த லைப்ரரி வேணும், அது எங்கே கிடைச்சது, எது கிடைக்கலைன்னு பட்டியலே போட்டுடும். கிடைக்காத ஃபோல்டரை 'எல்டி லைப்ரரி பாத்'ங்கற என்விரான்மென்ட் வேரியபிள்ல சேர்த்தா கதவு திறக்கும். (இந்தப் பேரை மட்டும் மொத்தமா பெரிய எழுத்துல, வார்த்தைகளுக்கு நடுவுல அண்டர்ஸ்கோர் போட்டு அடிக்கணும்.)

முகமூடியைக் கழட்டுங்க!

இத்தனை மைனஸையும் யார் ஞாபகம் வெச்சுக்கறது? அதுக்காகத்தான் எம்.பி.ஐ பேக்கேஜோடயே ஒரு உதவியாளர் வர்றார். பேர் எம்பிஐசிசி.

எம்பிஐசிசி பை.சி -ஓ பை

அவ்வளவுதான். முதல் ரெண்டு கதவும் தானா திறக்கும். இதைப் பார்த்துட்டு எம்பிஐசிசி ஒரு தனி கம்பைலர்னு நினைச்சுடாதீங்க. முகமூடி போட்ட ஜிசிசி-தான் அது! நீங்க கொடுத்ததை வாங்கி, தேவையான மைனஸ் எல்லாத்தையும் ஒட்டி, உள்ளுக்குள்ள நிஜ கம்பைலரைக் கூப்பிடுது.

முகமூடியைக் கழட்டிப் பார்க்கவும் வழி உண்டு. எம்.பி.ஐ.சி.ஹெச் வெச்சிருக்கீங்கன்னா 'எம்பிஐசிசி -ஷோ'. ஓப்பன் எம்.பி.ஐ-ன்னா 'எம்பிஐசிசி --ஷோமீ'. எதையும் கம்பைல் பண்ணாம, 'நான் இதைத்தான் அடிக்கப் போறேன்'னு முழு வரியையும் காட்டும். எந்த ஃபோல்டர் ஹெடர், எந்த ஃபோல்டர் லைப்ரரின்னு அப்பட்டமா தெரியும். இதை ஒரு தடவை பார்த்துட்டீங்கன்னா, மேல சொன்ன மூணு கதவும் சட்டுனு மனசுல பதிஞ்சுடும்.

ப்ராஜெக்ட் கொஞ்சம் பெருசாகி, ரெண்டு மூணு ஃபைல் ஆயிடுச்சா? ஒவ்வொண்ணையும் மைனஸ் சி போட்டுத் தனியா கம்பைல் பண்ணுங்க. '.ஓ' ஃபைல்கள் கிடைக்கும். கடைசியில சேர்க்கும்போதும் எம்பிஐசிசி-யையே கூப்பிடுங்க:

எம்பிஐசிசி மெயின்.ஓ கணக்கு.ஓ -ஓ பை -எல்எம்

கடைசியில நிக்கிற மைனஸ் எல்-எம், கணித லைப்ரரி. ஸ்கொயர் ரூட், சைன் எல்லாம் அங்கேதான் இருக்கு. அதை எப்பவும் வரியின் கடைசியில போடுங்க. லிங்கர் இடமிருந்து வலமா படிக்கும். யாரும் கேட்கறதுக்கு முன்னாடியே லைப்ரரியை நீட்டினா, 'இது யாருக்கும் வேண்டாம் போல'ன்னு ஒதுக்கிட்டுப் போயிடலாம். சி ப்ளஸ் ப்ளஸ்ல எழுதறவங்களுக்கு எம்பிஐசிஎக்ஸ்எக்ஸ். ஃபோர்ட்ரான் பார்ட்டிகளுக்கு எம்பிஐஃபோர்ட். உதவியாளரை மாத்திக் கூப்பிட்டா ரெண்டாவது வாட்ச்மேன் பக்கம் பக்கமா திட்டுவார்!

ஓட விடறதுக்கு:

எம்பிஐரன் -என்பி 4 ./பை

நாலு புராசஸ் கிளம்பும். உங்க லேப்டாப்ல ரெண்டே கோர்தான் இருக்குன்னா ஓப்பன் எம்.பி.ஐ 'போதுமான ஸ்லாட் இல்லை'ன்னு மறுக்கலாம். கத்துக்கறதுக்காக ஓட்டுறீங்கன்னா, நடுவுல '--ஓவர்சப்ஸ்க்ரைப்' சேர்த்தா ஒத்துக்கும். வேகம் மட்டும் கூடாது!

திட்டாத வாட்ச்மேன்

இப்போ எங்க கதைக்கு வருவோம்.

எம்.பி.ஐ-ங்கறது விதிப் புத்தகம். அதைப் பார்த்துச் செய்த பேக்கேஜ்கள் பல. பிரபலமானவை ரெண்டு. ஒண்ணு, அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்துல பிறந்த எம்.பி.ஐ.சி.ஹெச். கடைசியில இருக்கிற 'சி.ஹெச்' எதுக்குத் தெரியுமா? கமீலியன், அதாவது பச்சோந்தி! எந்த மெஷினுக்கும் ஏத்த மாதிரி மாறிக்கும்னு அர்த்தம். இன்னொண்ணு, பழைய பேக்கேஜ்கள் சிலது ஒண்ணு சேர்ந்து உருவான ஓப்பன் எம்.பி.ஐ.

ரெண்டுக்கும் விதி ஒண்ணுதான். அதனால உங்க 'சி' கோடு ரெண்டுலயும் கம்பைல் ஆகும். ஆனா கம்பைல் ஆன பிறகு உள்ளே இருக்கிற சமாச்சாரம் வேற வேற. உதாரணத்துக்கு, துண்டுச் சீட்டு அனுப்புற குழுவைக் குறிக்க எம்.பி.ஐ.சி.ஹெச் ஒரு முழு எண்ணை வெச்சிருக்கு. ஓப்பன் எம்.பி.ஐ-யோ ஒரு பாயின்டரை வெச்சிருக்கு. கோடு ஒத்துப் போகும், பைனரி ஒத்துப் போகாது.

எங்க லேப்ல சீனியர் ஒருத்தர் எப்பவோ போட்டு வெச்ச ஓப்பன் எம்.பி.ஐ இருந்தது. அது தெரியாம நாங்க புதுசா எம்.பி.ஐ.சி.ஹெச் போட்டோம். கம்பைல் பண்ணினது எம்.பி.ஐ.சி.ஹெச்-சோட எம்பிஐசிசி. ஓட விடும்போது, அந்த சீனியரோட ரெக்கார்டு நோட்டுல இருந்த வரியைப் பார்த்து அப்படியே அடிச்சோம். அது ஓப்பன் எம்.பி.ஐ-யோட எம்பிஐரன்!

அப்புறம் என்ன ஆச்சு? ஒரு புராசஸ் தன்னோட ரேங்க்கைத் தானா தெரிஞ்சுக்காது. அதைக் கிளப்பி விடற எம்பிஐரன்தான் சொல்லணும். கேம்ப் ஆபீசர் வந்து, 'சார், நீங்க ரெண்டாம் நம்பர், மொத்தம் நாலு பேர்'னு சொல்றார். வாத்தியாருக்கு அந்த பாஷையே தெரியலை. 'சரி, நான் ஒருத்தன்தான் போல'ன்னு முடிவு பண்ணி, தனக்குப் பூஜ்யம் நம்பர் போட்டுக்கிட்டு, மொத்தக் கட்டையும் தானே திருத்த ஆரம்பிச்சுடறார். நாலு டேபிள்லயும் இதே கூத்து!

நாலு பேரும் முழுக் கணக்கையும் ஒழுங்கா போட்டாங்க. நாலு பேரும் சரியான விடையைச் சொன்னாங்க. எரர் இல்லை, வார்னிங் இல்லை. எந்த வாட்ச்மேனும் திட்டலை. அதுதான் எங்களைக் கவிழ்த்துடுச்சு.

'பை'ங்கறதால போச்சு, விடை சரியா இருந்தது. நாலு பேரும் ஒரே அவுட்புட் ஃபைல்ல எழுதுற புரோகிராமா இருந்தா? ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் அழிச்சு வெச்சிருப்பார். யோசிச்சுப் பாருங்க!

மூணு நிமிஷ செக்-அப்

நீங்க மாட்டாம இருக்க, கையோட இதைச் செஞ்சுடுங்க.

ஒண்ணு: எந்தப் பெரிய புரோகிராமுக்கும் முன்னாடி, ரேங்க்கையும் சைஸையும் மட்டும் பிரின்ட் பண்ற குட்டி புரோகிராமை நாலு புராசஸ்ல ஓட்டுங்க. '0 / 4, 1 / 4, 2 / 4, 3 / 4'ன்னு வரணும். வரிசை முன்னே பின்னே இருந்தா கவலை வேண்டாம், யார் முதல்ல பேசுவாங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா '0 / 1'ன்னு நாலு தடவை வந்தா, கையை எடுங்க. அங்கேயே நில்லுங்க.

ரெண்டு: மூணு பேரைத் தனித்தனியா விசாரிங்க. எம்பிஐசிசி-யோட முகமூடியைக் கழட்டி எந்த ஃபோல்டரைக் காட்டுதுன்னு பாருங்க. 'எல்டிடி ./பை' எந்த எம்.பி.ஐ லைப்ரரியைக் காட்டுதுன்னு பாருங்க. 'எம்பிஐரன் --வெர்ஷன்' அடிச்சுப் பாருங்க. 'ஓப்பன் எம்.பி.ஐ'ன்னோ, எம்.பி.ஐ.சி.ஹெச்-சா இருந்தா அதோட லாஞ்சர் பேரான 'ஹைட்ரா'ன்னோ சொல்லும். மூணு பேரும் ஒரே குடும்பமா இருக்கணும். உபுண்டு மாதிரி சிஸ்டத்துல ரெண்டு பேக்கேஜையும் அருகருகே போட முடியும்ங்கறதால, வெறும் கமாண்ட் பேரைப் பார்த்து நம்பிடாதீங்க. புதுசா கத்துக்கறவங்களுக்கு ஒண்ணு போதும். விண்டோஸ்காரங்க டபிள்யூஎஸ்எல் போட்டு அதுக்குள்ளயே இதையெல்லாம் செய்யலாம்.

மூணு: நேரத்தை அளங்க. ஒரு புராசஸ்ல எவ்வளவு, நாலுல எவ்வளவு? எம்.பி.ஐ-யிலயே அதுக்கு 'டபிள்யூடைம்'னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. பெரிய கணக்கு கொடுத்தும் நேரம் குறையவே இல்லைன்னா, எங்கேயோ இடிக்குதுன்னு அர்த்தம்.

ஒரு நல்ல சேதியும் உண்டு. 2025 ஜூன்ல வந்த எம்.பி.ஐ 5.0 தரம், பைனரிக்கும் ஒரு பொது விதி போட்டிருக்கு. அதை ஏத்துக்கிட்ட பேக்கேஜ்கள் வந்தா, ஒண்ணுல கம்பைல் பண்ணினதை இன்னொண்ணோட லைப்ரரியில ஓட்ட வழி இருக்கு. ஆனா உங்க லேப்ல இருக்கிறது எந்தக் காலத்து வெர்ஷனோ! செக்-அப்பை விட்டுடாதீங்க.

அப்புறம் எங்க கதை என்னாச்சுன்னு கேக்கறீங்களா? மார்க் குறைஞ்சது, நியாயம்தானே. எக்ஸ்டர்னல் போனப்புறம் மூணு பேரும் லேபை விட்டு நகரலை. ராத்திரி எட்டு மணிக்கு அந்த ரெக்கார்டு நோட்டு வரியையும் எங்க எம்பிஐசிசி-யையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தப்போதான் பொறி தட்டுச்சு. சரியான எம்பிஐரன்னை அடிச்சோம். ஸ்கிரீன்ல 3.14159... ஒரே ஒரு வரி. அதுவும் பாதி நேரத்துக்கும் முன்னாடியே!

பார்த்து மார்க் போடத்தான் யாரும் இல்லை. உங்க வைவாவுல எக்ஸ்டர்னல் கிளம்பறதுக்கு முன்னாடியே அந்த ஒத்தை வரி வந்துடணும், சரியா? ஆல் தி பெஸ்ட்!